தம்பியின் குடிக்குப் பின்னால் இருப்பதைக் கேட்கும் கவுன்சலிங் உண்டா?

நொய்யல்கரை கேட்டது:

வணக்கம். நான் திருப்பூர் பக்கம். என் தம்பிக்கு 34 வயது. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். கைவேலை அவ்வளவு சுத்தம். முதலாளி இன்றைக்கும் அவன் வேலையில் குறை சொல்ல மாட்டார். முன்பெல்லாம் சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் ஞாயிறு ராத்திரிதான் வீடு திரும்புவான். இப்போது கிழமைக் கணக்கே போய்விட்டது. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. குவார்ட்டரில் பாதி உள்ளே போனால்தான் ஊசியில் நூல் கோர்க்க முடிகிறது என்கிறான்.

ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். கவுன்சலிங் உண்டு என்று போர்டிலேயே எழுதியிருந்தார்கள். அங்கே நடந்தது, காலையும் மாலையும் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, கல்லீரல் கெடும், பெண்டாட்டி போய்விடுவாள், மானம் போகும் என்று பேசுவது. தனியாகக் கூப்பிட்டு ஒருவரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. எங்களோடு போனில் பேசவும் விடவில்லை. உடம்பு தேறி வந்தான், பொங்கல் வரை தாங்கியது. அப்புறம் பழையபடிதான்.

எனக்கு உறுத்துவது இதுதான். எங்கள் அப்பாவும் குடிகாரர். ராத்திரியானால் அம்மாவை அடிப்பார். நான் பெரியவள், பக்கத்துத் தெருவில் இருந்த பாட்டி வீட்டுக்கு ஓடிவிடுவேன். அவன் சின்னப் பையன், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பான். அப்பா இறந்தபோது பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். படிப்பை நிறுத்திவிட்டுக் கம்பெனிக்கு, டெய்லருக்கு உதவியாகக் கை மடிக்கப் போனான். அப்பாவுக்காக அவன் அழுது நான் பார்த்ததில்லை. கல்யாணமான பிறகு குழந்தை இல்லை என்று விசேஷ வீட்டில் எல்லாம் பேச்சு. மனைவி இப்போது அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

இதையெல்லாம் கேட்டுச் சரிசெய்கிற கவுன்சலிங் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா? பழையதைக் கிளறினால் இன்னும் அதிகமாகக் குடிப்பானோ என்றும் பயமாக இருக்கிறது. இப்போது எங்கே கூப்பிட்டாலும் வர மாட்டேன் என்கிறான். சித்தி ஒரு பொடி வாங்கித் தருகிறேன், சாப்பாட்டில் கலந்து போடு, குடித்தால் வாந்தி எடுத்துத் தானே நிறுத்திவிடுவான் என்கிறார். போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழையவார்டு எழுதியது:

வணக்கம்மா. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்து, பிறகு பயிற்சி எடுத்துக்கொண்டு குடிநோயாளிகளுக்கான கவுன்சலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் ஆபத்து இருக்கிறது.

அந்தப் பொடியைக் கலக்காதீர்கள். ஊரில் அப்படி விற்பது டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்ததாக இருக்கலாம். சாராயம் உடலில் உடையும்போது வரும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை மேற்கொண்டு உடைய விடாமல் அது தடுக்கும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சட்டென்று விழும். இதயம் பலவீனமாக இருந்தால் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும். டாக்டர் பரிசோதித்து, நோயாளிக்கே விளக்கி, அவர் சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. இன்னொன்றும் உண்டு. தனக்குத் தெரியாமல் சோற்றில் கலந்தார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டுச் சோற்றையே நம்பாத ஆண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கை போய்விட்டால் கவுன்சலர் பேசி அதைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

அடுத்தது அந்தக் கை நடுக்கம். உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. இந்த நிலையில் இருப்பவரை ரூமில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று குழம்பிப் போகலாம். மருத்துவமனையில் டயஸிபாம், லோராஸிபாம் போன்ற மாத்திரைகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டால், பெரும்பாலும் ஒரு வாரத்தில் தாண்டிவிடலாம். இது முடியாமல் எந்தக் கவுன்சலிங்கும் காதில் ஏறாது.

இனி நீங்கள் கேட்டது. இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் அது தொடங்காது.

முதல் சந்திப்பில் நான் அப்பாவைப் பற்றியோ அடியைப் பற்றியோ கேட்க மாட்டேன். தூக்கம் எப்படி, பசிக்கிறதா என்று கேட்டுவிட்டு, "குடியில் உங்களுக்குப் பிடித்தது என்ன?" என்று கேட்பேன். கூட வந்தவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் அவருக்கு அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. "நாலு பேரோடு பேச வருகிறது", "ராத்திரி முழுக்கத் தூங்குகிறேன்", "கை வலி தெரியாது", "என் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கும் தைரியம் வருகிறது" என்று பதில் வரும். ஆளுக்கு ஆள் பதில் வேறு, அதனால் வைத்தியமும் வேறு. நாம் குடிக்கு எதிராக வாதாடினால் அவர் குடிக்கு வக்கீலாகிவிடுவார். நாம் வாதாடாமல் இருந்தால் நிறுத்த வேண்டிய காரணத்தை அவரே சொல்லத் தொடங்குவார். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-ல் எழுதி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த மோட்டிவேஷனல் இன்டர்வியூ முறையின் உயிர் இதுதான்.

சில சந்திப்புகள் போனபின் நீளமான தாள் ஒன்றை மேஜையில் விரிப்பேன். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வாழ்க்கையில் நடந்தவை: பள்ளி, வேலை, கல்யாணம், கடன், சாவு. கீழே அந்தந்த வருடம் எவ்வளவு குடித்தார் என்பது. நான் எழுத மாட்டேன், அவரேதான் எழுத வேண்டும். பெண்டாட்டி சண்டை போடுவதால் குடிக்கிறேன் என்று சாதித்த ஒருவர் இப்படி எழுதிக்கொண்டே வந்தார். குடி இரட்டிப்பானது கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்னால். அந்த வருடம்தான் அவர் அண்ணன் தூக்குப் போட்டுக்கொண்டார். வீட்டில் அந்தப் பெயரையே யாரும் எடுப்பதில்லையாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் அண்ணனைப் பற்றிப் பேசினார், அன்று வேறு எதுவும் பேசவில்லை.

தாளில் இன்னொன்றையும் தேடுவேன், குடிக்காத நாட்கள். நம் ஊரில் அதற்கு நல்ல வழி இருக்கிறது. "சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்பேன். வருடம் முழுக்கக் குடிப்பவர் அந்த ஒரு மண்டலம் தொடவே மாட்டார். மலையிறங்கி மாலையைக் கழற்றியதும் முதல் வேலையாகக் கடைக்குப் போவார். வீட்டில் இதைச் சொல்லிக்காட்டித் திட்டுவார்கள். எனக்கோ அது தங்கம். அந்த நாட்களில் விடியலில் எழுந்து குளிக்கிறார், கூட்டமாக உட்கார்ந்து பாடுகிறார், எல்லோரும் "சாமி" என்று மரியாதையோடு கூப்பிடுகிறார்கள், ராத்திரி தனியாக இல்லை. அவருக்கு எது இல்லாததால் குடிக்கிறார் என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கும். (கை நடுக்கம் வரை போனவர்கள் டாக்டரைப் பார்க்காமல் மாலை போட்டுத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு அவர்களுக்கும் வரலாம்.)

பழையதைக் கிளறினால் அதிகமாகுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. தயாராகும் முன் ஒருவரை உட்காரவைத்து, "அப்பா அடித்ததைச் சொல்" என்று தோண்டினால், அன்றைக்கு ராத்திரி அவர் நேராகக் கடைக்குத்தான் போவார். அதனால் முதலில் கைக்கு ஆயுதம் கொடுப்போம். ஆசை கிளம்பினால் அரைமணி நேரம் அதை எப்படிக் கடத்துவது, யாருக்குப் போன் போடுவது, சம்பளத்தை யார் கையில் கொடுப்பது, கம்பெனியிலிருந்து எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு வருவது, இதெல்லாம். ஆலன் மார்லட் என்ற ஆய்வாளர், நிறுத்தியவர்கள் எந்தச் சூழலில் மறுபடி குடித்தார்கள் என்று கேட்டுத் தொகுத்தார். மனக்கசப்பு, அடுத்தவரோடு சண்டை, கூட இருப்பவர்களின் வற்புறுத்தல், இந்த மூன்றும் சேர்ந்து கிட்டத்தட்ட முக்கால் பங்கு. இவற்றைத் தாண்டப் பழகியவரிடம்தான் சின்ன வயதுக் காயத்தைப் பற்றிப் பேசுவது பாதுகாப்பு. அந்தக் காலத்தில், மாதக்கணக்காகக் குடிக்காமல் இருந்தபிறகே அதைத் தொடுவார்கள். இப்போது பயிற்சி பெற்றவர் கையில் இரண்டையும் இணையாகவே கொண்டுபோகிறார்கள், அளவு பார்த்து.

வர மாட்டேன் என்கிறாரே என்றால், முதலில் நீங்கள் போங்கள். அவர் இல்லாமலே போங்கள். குடிப்பவர் மறுத்தாலும் வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவரை அழைத்துவரும் முறை ஒன்றை அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கினார். கிராஃப்ட் என்பார்கள். 1999-ல் வெளியான ஆய்வில் இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதம் பேர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கூடிச் சுற்றி உட்கார்ந்து நெருக்குகிற முறையில் 30 சதவீதம்தான். அதன் சாரம் எளிது. குடிக்காமல் வந்த அன்று கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், பிடித்ததைச் செய்து கொடுங்கள், பழங்கதை பேசாதீர்கள். குடித்து வந்த அன்று சண்டையும் வேண்டாம், பணிவிடையும் வேண்டாம், விலகிவிடுங்கள். கம்பெனிக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்று பொய் சொல்வது, கடனை நீங்கள் அடைப்பது, இரண்டையும் நிறுத்துங்கள். கை ஓங்கினால் அந்த இடத்தை விட்டுப் போய்விடுங்கள். அவரே வெட்கப்பட்டு, "என்னக்கா இப்படி ஆயிட்டேன்" என்று ஒரு காலையில் சொல்வார். "வா, இன்றைக்கே போகலாம்" என்று சொல்ல வேண்டிய நேரம் அது. அதற்கு டாக்டர், இடம் எல்லாம் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

---

இரவுலாரி எழுதியது:

அக்கா, நான் நாமக்கல். லைன் லாரி ஓட்டியவன். பல வருடமாகக் குடிப்பதில்லை.

என்னையும் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள், கம்பித் தடுப்பு வைத்த இடம். என்னிடமும் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்ல ஒன்றும் இருப்பதாகவே எனக்குத் தெரியாது. டிரைவர் என்றால் குடிப்பான், உடம்பு வலி, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் சின்ன வயசுக் கவுன்சலர் ஒருவர், "அண்ணா, ஒரு ராத்திரி குடிக்காவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டார். யோசிக்காமல் வாயில் வந்தது, "தூங்க வேண்டியிருக்கும்." அவர் அதைப் பிடித்துக்கொண்டார். தூங்கினால் என்ன வரும் என்றார்.

மகாராஷ்டிரா ரோட்டில் ஒரு விபத்து. என் கிளீனர் பையன் இறந்துவிட்டான். தப்பு எதிர் வண்டி மேல்தான், கேசும் அப்படித்தான் முடிந்தது. மறுவாரமே வேறு லோடு ஏற்றிப் போனேன். தூங்கினால் அந்த இரும்புச் சத்தம் வரும். குடித்தால் வராது. அதற்கு முன்பும் குடிப்பேன், ஆனால் படுக்கப் போகும்போது மட்டும் என்று ஆரம்பித்து விடியும்போது என்று ஆனது அதற்கப்புறம்தான். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன நோய் இது, இதற்கும் வைத்தியம் இருக்கிறது என்றார். அந்த ராத்திரியை முதலிலிருந்து கடைசி வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். முதலில் சொன்னபோது வியர்த்துக் கொட்டியது. போகப் போக அது நடந்து முடிந்த விஷயம் என்று உடம்புக்குப் புரிய ஆரம்பித்தது. அதோடு அடிமையாக்காத தூக்க மாத்திரை கொஞ்ச நாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன் அக்கா. காரணம் தெரிந்த அன்றே குடி நின்றுவிடவில்லை. தெரிந்த பிறகும் குடித்தேன். கவுன்சலர் கோபப்படவில்லை, "எந்த நேரத்தில், யாரோடு, அதற்கு முன் சாப்பிட்டீர்களா?" என்றுதான் கேட்டார். பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலில் ஒன்று இருந்தால் உஷார் என்று ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும்) கூட்டத்திலும் சொல்வார்கள். எனக்கு அசதிதான். நைட் டிரிப்பை விட்டேன், லோக்கல் லோடு மட்டும் எடுத்தேன். வருமானம் குறைந்தது. சாயங்காலம் ஏஏ கூட்டத்துக்குப் போக நேரம் கிடைத்தது. அங்கே என் மாதிரி இருந்தவர்களைப் பார்த்ததில் பாதி பாரம் இறங்கியது. தம்பி திருப்பூரில் வாடகை ரூமில் தனியாக இருக்கிறாரா, உங்களோடா? தனி ரூம் என்றால் அதை முதலில் மாற்றுங்கள்.

---

நேர்பேச்சு எழுதியது:

எல்லோரும் மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் அப்பாவுக்குத் தினமும் ஒரு காரணம் இருந்தது. அவர் அப்பா அடித்தார், அண்ணன் சொத்தை ஏமாற்றினார், மேலதிகாரி மதிக்கவில்லை. கேட்டுக் கேட்டு அம்மா பரிதாபப்பட்டார். அந்தப் பரிதாபத்திலேயே இன்னும் குடித்து, ஐம்பது வயதில் கல்லீரல் போய் இறந்தார். இந்த அக்காவும் அதே வீட்டில்தானே வளர்ந்தார், அவர் குடிக்கிறாரா? நானும் குடிகாரன் பிள்ளைதான், ஒரு சொட்டு தொட்டதில்லை. கஷ்டம் யாருக்கு இல்லை? வேர், காரணம் என்று போனால் அவர்களுக்கு நாமே சாக்கு எடுத்துக் கொடுக்கிறோம். குடியை நிறுத்தட்டும், மற்றதெல்லாம் தானே சரியாகும்.

---

பழையவார்டு எழுதியது:

நேர்பேச்சு தம்பி, உங்கள் அம்மா பட்டதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நீங்கள் சொன்னதில் பெரிய பங்கு உண்மை, அதை மறைக்க மாட்டேன்.

ஹார்வர்டில் ஜார்ஜ் வேலண்ட் என்ற மனநல மருத்துவர் சில நூறு ஆண்களின் வாழ்க்கையை இளவயதிலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். குடித்த பிறகு போய்க் கேட்டால் எல்லோரும் சோகமான காரணம் சொல்கிறார்கள். ஆனால் குடிக்கு முன்பே எழுதிவைத்த குறிப்புகளைப் பார்த்தால் அந்தச் சோகத்தில் பல, குடிக்குப் பிறகு வந்தவை. மனச்சோர்விலும் இதே கதைதான். வார்டில் சேரும்போது தலை நிமிராமல் அழுகிறவர்களில் பலர், குடியை விட்டு நாலு வாரம் போனதும் தெளிந்துவிடுவார்கள். குடி கொடுத்த சோர்வு அது. நாலு வாரம் கழித்தும் தெளியாதவருக்குத்தான் மனச்சோர்வுக்கென்று தனியாக மருந்தும் பேச்சும் வேண்டும். அவரைக் கவனிக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் திரும்பக் குடிப்பார், சில பேர் உயிரையே மாய்த்துக்கொள்வார்கள். "குடியை நிறுத்தினால் தானே சரியாகும்" என்பது அந்த முதல் வகைக்குப் பொருந்தும், இரண்டாவது வகைக்குப் பொருந்தாது. யார் எந்த வகை என்று பொறுத்திருந்து பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை.

அக்கா குடிக்கவில்லையே என்று கேட்டீர்கள். 1998-ல் வெளியான சான் டியகோ ஆய்வு ஒன்று உண்டு. அடி, வீட்டில் குடிகாரர், அம்மா அடிபடுவதைப் பார்ப்பது போன்ற சின்ன வயது அனுபவங்களை ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்டார்கள். அப்படி ஒன்றுமே இல்லாதவர்களில் சுமார் 3 சதவீதம் பேர் தங்களைக் குடிநோயாளி என்று சொன்னார்கள். நாலு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களில் 16 சதவீதம். பல மடங்கு அதிகம்தான். ஆனாலும் மீதி 84 பேர் அப்படிச் சொல்லவில்லை. நீங்களும் அந்த அக்காவும் அந்த 84-ல் இருக்கிறீர்கள். அக்காவின் தம்பி அந்த 16-ல். பரம்பரைக் கூறு சுமார் பாதி என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. மிச்சத்தில் யார் வீட்டுக்கு ஓட முடிந்தது, யார் அங்கேயே நின்றார் என்பதும் இருக்கும். அந்த அக்காவுக்கு ஒரு பாட்டி வீடு இருந்தது.

உங்கள் அப்பா சொன்னதும் நான் தாளில் எழுதவைப்பதும் ஒன்றில்லை. அவர் சொன்ன காரணம் பேச்சை முடித்துவிடும், கேட்டவர் வாயடைத்துப் போவார். எங்கள் அறையில் காரணம் ஒன்று எழுதப்பட்டால் அதற்குக் கீழே அந்த வாரத்து வேலையும் எழுதப்படும். அண்ணன் மேல் கோபமா? சனிக்கிழமை அந்தக் கோபம் வரும்போது என்ன செய்வீர்கள், யாரிடம் பேசுவீர்கள்? அடுத்த வாரம் அதைக் கேட்பேன். செய்யாவிட்டால் ஏன் என்று கேட்பேன். தாள் முன்னால் உட்கார்ந்து யாரும் வெகுநாள் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இதில் எனக்கு ஆற்றாமை வரும் இடம் ஒன்று இருக்கிறது, எழுதிவிடுகிறேன். வேர் எப்போதும் ஆளுக்குள் மட்டும் இருப்பதில்லை. துப்புரவுப் பணியாளர்கள் பலர் வருவார்கள். குடிக்காமல் அந்தக் குழியில் இறங்க முடியாதம்மா, நாற்றம் தாங்காது என்பார்கள். மனிதரைக் கழிவில் இறக்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது, ஆனாலும் இறக்குகிறார்கள். அவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து அதே குழிக்குத் திருப்பி அனுப்புவதைக் கவுன்சலிங் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேறு வேலைக்கு மனு எழுதிக் கொடுப்பதும் சங்கத்தில் பேசுவதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் ஊர் திரும்பிய பிறகு தேடிப் பார்த்தார். முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். இடமும் சூழலும் மாறியதற்கு அதில் பெரும் பங்கு உண்டு. சாராயத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கடை இருக்கிற ஊரில் குறிப்பாக. ஆனால் லாரித் தம்பி நைட் டிரிப்பை விட்டது ஏன் உதவியது என்பது புரியும்.

---

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பொடி வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லிவிட்டேன். தம்பி பக்கத்து லைன் வீட்டில் தனியாகத்தான் இருந்தான், எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன், யோசிக்கிறேன் என்றான். நேர்பேச்சு சார் சொன்னதும் மனதில் இருக்கிறது, நானும் நிறையத் தடவை பரிதாபப்பட்டுக் காசு கொடுத்திருக்கிறேன்.

அம்மா, எங்கே போவது, நல்ல இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பணமும் அதிகம் இல்லை. அவன் மனைவியைக் கூப்பிடலாமா? குழந்தை விஷயத்தை யார் பேசுவது?

---

பழையவார்டு எழுதியது:

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்களுக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம், அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. போகும் முன் 14446-க்குப் போன் போடுங்கள், போதை மறுவாழ்வுக்கான மத்திய அரசின் இலவச எண். மனசு தாங்காத ராத்திரிக்கு 14416, டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், நீங்களும் பேசலாம். சென்னை வரை போக முடிந்தால் டிடிகே மருத்துவமனை இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு 1980-ல் ஆரம்பித்த அமைப்பு நடத்துவது. குடும்பத்தாருக்கும் சேர்த்துச் சிகிச்சை தருவதை நம் ஊரில் வேரூன்ற வைத்தவர் அவர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் போதைக்கெனத் தனிப் பிரிவு உண்டு, தமிழில் பேச ஆள் கிடைக்கும்.

தனியார் மையம் என்றால் வாசலிலேயே கேளுங்கள். மனநலச் சட்டம் 2017-ன் கீழ் பதிவு செய்திருக்கிறீர்களா, மனநல டாக்டர் எந்தெந்த நாளில் வருவார், தனியாக உட்கார்ந்து பேசும் கவுன்சலிங் வாரத்துக்கு எத்தனை தடவை, வீட்டார் எப்போது பேசலாம், வெளியே வந்தபின் எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டமே தடை செய்கிறது. அடிக்கிறார்கள், பூட்டிவைக்கிறார்கள் என்று காதில் விழுந்த இடத்துக்குத் தம்பியைக் கொண்டுபோகாதீர்கள். அப்பா அடித்ததைப் பார்த்து வளர்ந்த பையன் அவர், அங்கே அதே பயம்தான் திரும்ப வரும்.

பெரிய பட்டம் உள்ளவர்தான் வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி கொடுத்த உள்ளூர்க்காரர்களே நாலு தடவை வரை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அளவுக்கு மீறிக் குடித்தவர்களில் 36 சதவீதம் பேர் அந்த நிலையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், பேச்சு கிடைக்காதவர்களில் 26 சதவீதம். 2017-ல் வெளியான ஆய்வு. உங்கள் தம்பி அதைத் தாண்டி உடம்பு பழகிய நிலையில் இருப்பதால் டாக்டர் கட்டாயம் வேண்டும். ஆனால் பேசுகிறவரிடம் பொறுமை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே அறிவுரை சொல்கிறவரா, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்ற மாத்திரைகளும் உண்டு. டாக்டரிடம் நீங்களே கேளுங்கள், கல்லீரல் பரிசோதனை பார்த்துவிட்டுச் சொல்வார்.

மனைவியைக் கூப்பிடுவதை இப்போதைக்கு வேண்டாம் என்பேன். உங்கள் தம்பி சேர்ந்து, தெளிந்து, கவுன்சலர் "இப்போது வரலாம்" என்று சொன்னபிறகு, அதுவும் அந்தப் பெண்ணுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் வரட்டும். அவர் பட்டதற்கும் ஆறுதல் வேண்டும். குடிப்பவர்களின் வீட்டாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் 1951 முதல் உலகம் முழுக்க நடக்கின்றன, அவரும் போகலாம், நீங்களும் போகலாம். குழந்தை விஷயத்தை விசேஷ வீடுகளில் பேச விடாதீர்கள், நீங்களே குறுக்கே நின்று நிறுத்துங்கள். தொடர்ந்து குடித்தால் ஆண்களின் விந்தணு தரம் குறையும் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். குடி நின்று சில மாதம் கழித்து இருவரும் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அதைத் தம்பியிடம் டாக்டர் சொல்லட்டும், நீங்கள் சொன்னால் பழியாகக் கேட்கும்.

போகும்போது பழைய மையத்துச் சீட்டு, மாத்திரை அட்டை, ஆதார் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது எவ்வளவு குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்று டாக்டர் கேட்பார், ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர் வரவில்லை என்றாலும் திங்கட்கிழமை காலை ஓ.பி.க்கு நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள், அடுத்ததைச் சேர்ந்து பார்ப்போம்.